வெள்ளை கட்ட வந்த வோக்கர்

கணவனின் பெயரைச் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் சொல்லுவேன். விநாயகமூர்த்தி. இவருடைய தகப்பனாருக்கும் கந்தையா என்று ஒரு நல்ல பெயர் இருந்தது. ஊரில் எந்தப் பெரிய வீட்டு வாசலிலும் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ‘கட்டாடி’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘டேய்’ என்பார்கள். அரைக்காற்சட்டை போட்ட பொடியன்களும் அந்த நரைத்த மனிதரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆகவே இந்தக் கதை முடியும்வரை என் கணவரின் பெயரை முழுதாகத்தான் எழுதப்போகிறேன். வாசிக்க நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஊராரின் அழுக்குத் துணியை வெளுப்பது எங்கள் சாதிக்கு விதித்த வேலை. அந்த வேலைக்காரனின் பெயர்தான் கட்டாடி. வேலை வெளுப்போடு முடிவதில்லை. வெள்ளாளர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பிணத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்து மேல்கட்டி கட்டவேண்டும். அதற்கு வெள்ளை கட்டுவது என்று சொல்லுவார்கள். அதை வீட்டுக்காரர் செய்தால் அவருக்குக் குறைச்சல். எங்கள் ஆள்தான் வந்து கட்டவேண்டும். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருந்ததில்லை.

விநாயகமூர்த்திக்குப் பத்தொன்பது வயதில் தகப்பன் செத்துப்போனார். காலையில் உயிர் போனது. மத்தியானம் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது, அங்கேயும் ஒருவர் செத்துவிட்டாராம். “எங்கடை வீட்டிலையும் செத்தவீடு” என்று விநாயகமூர்த்தி சொல்லியிருக்கிறார். வந்தவன் முற்றத்திலேயே நின்றுகொண்டு, “அதுக்கென்ன, அங்கை கட்டிப்போட்டு வந்து இஞ்சை அழன்” என்றானாம். சொந்தக்காரர் பயந்துவிட்டார்கள். போகாவிட்டால் கிணற்றில் தண்ணீர் அள்ள விடமாட்டார்கள், வீட்டுக்கு நெருப்பு வைத்தாலும் வைப்பார்கள். போனார். வீட்டிலிருந்த நல்ல வெள்ளை முழுவதையும் கொண்டுபோய் முன்பின் பேசியறியாத ஒருவரின் பிணத்துக்கு மேலே கட்டிவிட்டு வந்தார். தகப்பனுக்குக் கட்ட ஒரு துண்டும் மிஞ்சவில்லை. ஓலைக்கூரைக்குக் கீழே அப்படியே வைத்து அழுதுவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

இனி எவர் செத்தாலும் இந்தக் கை வெள்ளை கட்டாது என்று அன்றைக்கு முடிவெடுத்தவர் விநாயகமூர்த்தி. பிறகு சீமெந்து ஆலையில் வேலை எடுத்தார், என்னைக் கட்டினார். ஊரில் செத்தவீடு என்று ஆள் வந்தபோதெல்லாம் ஆலையில் ஷிப்டு என்று சொல்லித் தப்பினார். அதற்காக ஒருமுறை சந்தியில் வைத்து அடியும் வாங்கினார். சண்டை வந்தது, ஆலை வேலை நின்றது, எல்லாரையும் போல நாங்களும் ஓடினோம். மொன்றியல் வழியாக ரொறன்ரோவுக்கு முதலில் வந்தவர் அவர். நானும் மகள் நிலாணியும் பின்னால் வந்தோம்.

ஹோட்டல் பக்கம் வேலை என்று ரெலிபோனில் சொல்லியிருந்தார். வந்து பார்த்தால் லோண்டரி! ரொறன்ரோவின் பாதி ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துவாயும் வண்டி வண்டியாக வந்து குவிகிற பெரிய கட்டடம். இதற்கா கடல் கடந்து வந்தோம் என்று கத்தினேன். அவர் ஏப்பிரனை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“மங்கை, இஞ்சை போர்த்துக்கீசனும் தோய்க்கிறான், ஜமேக்காக்காரனும் தோய்க்கிறான், வெள்ளைக்காரனும் தோய்க்கிறான். எங்கடை தலைமை வாத்தியாற்ரை மோனும் தோய்க்கிறார். ஷிப்டு முடிஞ்சால் எல்லாரும் கையைக் கழுவிப்போட்டு வீட்டை போறம். ஆரும் ஆருக்கும் கட்டாடியில்லை.”

அந்தத் தலைமை வாத்தியாரின் மகன்தான் ஸ்ரீஸ்கந்தராசா. நல்ல பரம்பரை, நல்ல சாதி, ஊரில் கல் வீடு. இங்கே விநாயகமூர்த்திக்குப் பக்கத்து மெசின். எவனோ குடித்துச் சத்தி எடுத்த விரிப்பையும், எவளோ இரத்தம் ஆக்கிய விரிப்பையும் இருவரும் முழங்கை வரை கைவிட்டு ஒன்றாகத்தான் அள்ளிப் போட்டார்கள். லண்டனில் இருந்த சொந்தக்காரருக்கு மட்டும் தான் ‘ஹோட்டல் மனேஜ்மென்ற்’ என்று ஸ்ரீஸ்கந்தராசா எழுதிக்கொண்டிருந்தார். இருக்கட்டும், பொய் சொல்லாத அகதி யார். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்திலேயே நாலு மாடி மேலே அவரும் குடும்பமும் இருந்தார்கள். பனிக்காலத்தில் இரண்டு பேரும் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஒரே ஸ்ரீட்கார் பிடித்து வேலைக்குப் போவார்கள். ஸ்ரீ, ஸ்ரீ என்று என் மனிதர் உருகுவார். ஒரு வெள்ளாளன் தன் தோளில் கைபோட்டு நடந்தது அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஸ்ரீஸ்கந்தராசாவின் தாயாரைப் பிறகு ஸ்பொன்சர் செய்து எடுப்பித்தார்கள். அந்த அம்மா எலிவேற்றரில் என்னைக் கண்டால் சிரிப்பார். மகனோடு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். நான் தேத்தண்ணீர் போட எழும்பினால், “வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்” என்பார். தண்ணீர் கொடுத்தாலும் இப்போதுதான் குடித்தவராக இருப்பார். “அவவுக்குச் சுகர் வருத்தம், அதுதான்” என்று நிலாணிக்குச் சொல்லி வைத்தேன்.

ஏனென்றால் நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்தச் சொல் என் பிள்ளையின் காதில் விழக்கூடாது. ஒன்பது வயதில் இங்கே வந்தவள். அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார், பகிடி விடுகிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவரை நிமிர்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல் கனடாவுக்கு வந்து சேர்ந்து, எங்கள் கதவைத் தட்டி, அவள் பார்வையை மாற்றிவிடக்கூடாது. இதற்காகவே ஊர்ச் சங்கம் என்றால் போகாமல், கோயிலில் எவரும் எந்த இடம் என்று கேட்டால் பேச்சை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

இனி வோக்கர். லோண்டரியின் சுப்பர்வைசர். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை மீசை, நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். விஸ்கிப் போத்தலில் உள்ள பெயர் என்பதால் எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் ‘போத்தல்’ என்பார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடையில் அவர் ஒரு ஷொப்பிங் மோலுக்குப் போயிருக்கிறார். அங்கே நடுவழியில் ஒரு சின்னக் கடை. குடும்பப் பெயரைச் சொன்னால் கம்பியூட்டரில் தட்டி, அந்தப் பெயரின் வரலாற்றைப் பழங்காலத்துத் தாள் மாதிரி ஒன்றில் அச்சடித்துத் தருவார்கள். மேலே கேடயமும் சிங்கமும் இருக்கும். வோக்கர் அதை வாங்கிச் சட்டம் போட்டு, சாப்பாட்டு அறைச் சுவரில் கொழுவி, எல்லாருக்கும் வாசித்தும் காட்டினார்.

முற்காலத்தில் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில், நெய்து முடித்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண்ணும் புளித்த மூத்திரமும் ஊற்றி, ஏறி நின்று காலால் மிதிப்பார்களாம். அழுக்கும் எண்ணெயும் போய்த் துணி தடிக்குமாம். அப்படி மிதிப்பவனுக்கு வோக்கர் என்று பெயர். இதே வேலைக்காரனைத் தெற்கே ஒரு பக்கத்தில் ஃபுல்லர் என்றும், இன்னொரு பக்கத்தில் ரக்கர் என்றும் சொல்லுவார்களாம். பிறகு ஆற்றுத் தண்ணீரில் ஓடும் மரச் சுத்தியல்கள் வந்து மிதிக்கிற வேலையைப் பிடித்துக்கொண்டன. மிதித்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், பெயர் மட்டும் பிள்ளைகளோடு தொற்றிக்கொண்டு போனது. வோக்கரின் ஆட்கள் யோர்க்ஷயரில் காணிக் குத்தகை கட்டுபடியாகாமல் இருநூறு வருடங்களுக்கு முன் கப்பலேறி, நோவா ஸ்கோஷியாவில் இறங்கி, மாடு வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள். வோக்கரின் தகப்பன் ரயில் வேலைக்கு ரொறன்ரோ வந்தார். மகன் லோண்டரிக்கு வந்து சேர்ந்தார். “பார்த்தீர்களா, கடைசியில் துணிக்கே திரும்பி வந்துவிட்டேன்” என்று வோக்கர் வயிறு குலுங்கச் சிரித்தாராம்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் புல்லரித்துவிட்டது. “இதெல்லோ சரித்திரம், அண்ணை! பெயரிலையே பரம்பரையை வைச்சிருக்கிறாங்கள். எங்கடை சனம் உப்பிடி ஒண்டையும் பேணி வைக்கேல்லை” என்று என் மனிதரிடம் சொல்லியிருக்கிறார். தானும் மோலுக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்துப் பார்த்தாராம். அப்படி ஒரு பெயர் இல்லை என்று கம்பியூட்டர் சொன்னதாம். விநாயகமூர்த்தி இதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். “எங்கடை சனம் பெயரிலை வைக்கேல்லைத்தான், வாயிலையெல்லோ வைச்சிருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பாட்டன் மூத்திரத்துக்குள் நின்றவன் என்று வோக்கர் சொன்னால் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவலாம். என் மாமனார் சவர்க்காரத் தண்ணீருக்குள் நின்றவர் என்று நான் சொன்னால் என் மகளைக் கட்ட ஒருவன் வருவானா?

அந்த இலையுதிர் காலத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவின் தாயார் மோசம் போனார். வீட்டில் ரெலிபோன் அடித்தது. நான் குளியலறையில், விநாயகமூர்த்தி கடைக்குப் போயிருந்தார். நிலாணி எடுத்தாள். பேசியது இராசரத்தினம், இறந்தவரின் தம்பி, மில்லிக்கனில் சொந்த வீடு உள்ளவர், ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் நிலாணி கேட்டாள்.

“அப்பா, கட்டாடி எண்டால் என்ன?”

என் கையிலிருந்த அகப்பை கறிச் சட்டிக்குள் விழுந்தது.

“ஆர் சொன்னது?” என்றார் விநாயகமூர்த்தி.

“ஒரு அங்கிள் எடுத்தவர். ஸ்ரீ அங்கிளின்ரை அம்மா செத்துப்போட்டாவாம். ‘இது கட்டாடியாரின்ரை வீடுதானே, நாளைக்குப் பின்னேரம் பார்வைக்கு வைக்கினம், வெள்ளை கட்ட நேரத்துக்கு வரச்சொல்லு’ எண்டவர். நான் ரோங் நம்பர் எண்டு சொன்னன். இல்லை, விநாயகமூர்த்திதானே உன்ரை அப்பா எண்டு கேட்டவர்.”

இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு ரெலிபோனில் போட்டு உடைத்துவிட்டான், படுபாவி. அதுவும் பதினாறு வயதுப் பிள்ளையிடம். அந்த நேரத்தில் இராசரத்தினம் என் முன்னால் நின்றிருந்தால் அந்தக் கறிச் சட்டியை அவருடைய தலையில் கவிழ்த்திருப்பேன்.

விநாயகமூர்த்தி தட்டைத் தள்ளி வைத்தார். ஒளிக்கவில்லை. என்ன வேலை, எந்தச் சாதி, யாருக்கு யார் எதைக் கட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

“லோண்டரிதானே, அப்பா” என்றாள் நிலாணி. “ஸ்ரீ அங்கிளும் லோண்டரிதானே செய்யிறார். சோ வட்?”

பிறகு அவர் தகப்பனின் செத்தவீட்டைச் சொன்னார். ஓலைக்கூரைக்குக் கீழே துணி இல்லாமல் கிடந்த தகப்பனைச் சொன்னார். நான் அவரோடு வாழ்ந்த காலத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அது இரண்டாவது தடவை. நிலாணி தன் தட்டையும் தள்ளி வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, அவவுக்குச் சுகர் இல்லை, என்ன?”

நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

போகவேண்டாம் என்று அவரோடு சண்டை பிடித்தேன். போனால் கட்டச் சொல்லுவார்கள், போகாவிட்டால் ரெலிபோன் அடித்து ஓய்ந்துவிடுவார்கள், பேசாமல் இருங்கள் என்றேன். “ஸ்ரீயின்ரை அம்மா, மங்கை. சிநேகிதன்ரை தாய்க்குப் போகாமல் இருக்கேலுமே? மாமன்காரன் ஏதோ விசர்க்கதை கதைச்சிருக்கிறான். ஸ்ரீக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார். அந்த நம்பிக்கை! நிலாணி தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். மூன்று பேரும் போனோம்.

பிணத்தைப் பார்வைக்கு வைக்கும் பியூனரல் ஹோம் நிறைய ஆட்கள். பெட்டியைச் சுற்றி நாலு தூண் நிறுத்தியிருந்தார்கள். மணவறை வாடகைக்குக் கொடுப்பவரிடம் எடுத்ததாம். வீடியோக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். லண்டன், பாரிஸ், கொழும்பு என்று எல்லா இடத்துக்கும் வீடியோக் கொப்பி போகவேண்டும் அல்லவா. நாங்கள் உள்ளே கால் வைத்ததும் இராசரத்தினம் ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தார்.

“வாரும் விநாயகமூர்த்தி, உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம். ஐயர் வரப்போறார், கெதியா உதைக் கட்டிவிடும்.”

மற்றவர்களுக்கெல்லாம் ‘வாங்கோ’, இவருக்கு மட்டும் ‘வாரும்’. பையை அவருடைய நெஞ்சில் வைத்து அமத்தினார். உள்ளே புத்தம் புதிய வெள்ளைப் படுக்கை விரிப்பு.

“நான் அம்மாவைப் பாக்க வந்தனான்” என்றார் விநாயகமூர்த்தி.

“அது பாக்கலாம். முதல்லை அலுவலை முடியும். முறையெண்டு ஒண்டு இருக்கெல்லோ.”

விநாயகமூர்த்தி அவரை விட்டுவிட்டுப் பெட்டியருகே நின்ற ஸ்ரீஸ்கந்தராசாவிடம் போனார். “ஸ்ரீ, உங்களுக்கும் உது தெரியுமோ?”

ஸ்ரீஸ்கந்தராசா கம்பளத்தைப் பார்த்தார். “மாமா ஆக்களின்ரை விருப்பம், அண்ணை. அம்மாவும் ஆசைப்பட்டவ. ஒரு பத்து நிமிச வேலைதானே. குறை நினையாதேங்கோ.”

என் மனிதரின் முகம் அப்போது போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சந்தியில் அடி வாங்கி வந்த நாளில்கூட அப்படி இருக்கவில்லை.

“எட்டு வருசமா என்னோடை நிண்டு, ஊர் பேர் தெரியாதவன் படுத்த விரிப்பெல்லாம் தோய்க்கிறியள், ஸ்ரீ. பெத்த தாய்க்கு ஒரு துண்டு கட்ட உங்களுக்குக் கை வராதோ?”

சத்தமாகத்தான் கேட்டார். வீடியோ விளக்கு அணைந்தது. “இஞ்சை நிண்டு சத்தம் போடாதையும். மரியாதையாய்க் கேக்கிறம்” என்று இராசரத்தினம் பல்லுக்குள் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசாவின் கைகள் இரண்டும் பின்னால் கட்டியபடி இருந்தன. எங்கள் வீட்டில் பிட்டும் மீன்குழம்பும் பிசைந்து சாப்பிட்ட கைகள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு பூங்கொத்தோடு வோக்கர் வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் ரை. தன் வேலையாளின் தாய்க்கு மரியாதை செய்ய வந்தவர் நேரே விநாயகமூர்த்தியிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, நான் என்ன செய்யவேண்டும், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது என்றார்.

விநாயகமூர்த்தி அவரைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டவேண்டும். துணித் தொழில் செய்த பரம்பரையில் வந்த ஒருவர்தான் கட்டவேண்டும் என்று இந்தக் குடும்பம் சொல்கிறது. சுவரில் இருக்கும் உங்களுடைய தாளை இங்கே எல்லாரும் மதிக்கிறார்கள். நீங்கள் கட்டுவீர்களா?

வோக்கரின் கண் கலங்கிவிட்டது. தனக்கு இது பெரிய கௌரவம் என்றார். பூவை என்னிடம் தந்துவிட்டு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, விரிப்பை உதறி விரித்தார். உயரமான மனிதர், ஏணியும் தேவைப்படவில்லை. லோண்டரியில் இழுக்கிற மாதிரி நாலு மூலையையும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இராசரத்தினத்தின் வாய் திறந்தபடி இருந்தது. இப்போது குழம்பப்போகிறார்கள், துணியை அவிழ்க்கச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இராசரத்தினம் பக்கத்தில் நின்றவர்களிடம், “ஸ்ரீயின்ரை பெரிய போஸ். அவரே வந்து கட்டுறார், பாருங்கோவன்” என்றார். வீடியோ விளக்கு திரும்ப எரிந்தது. ‘சேர், சேர்’ என்று வோக்கரை முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றாத குறை.

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதே விரிப்பு, அதே நாலு முடிச்சு. விநாயகமூர்த்தி கட்டியிருந்தால் பின்வாசலால் போயிருப்பார். வோக்கர் கட்டினால் முன்வரிசை. அப்படியானால் இவர்களுக்கு முறையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்களைக் குனிய வைக்கவேண்டும், அவ்வளவுதான் தேவை. பூங்கொத்தை அங்கேயே ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு, வாங்கோ போவம் என்றேன். விநாயகமூர்த்தி பெட்டியருகே போய் அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். நிலாணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு அறையில் வோக்கர் கேட்டிருக்கிறார், தான் சரியாகக் கட்டினேனா, குடும்பத்தில் ஒருவரும் ஏன் கட்டவில்லை என்று. விநாயகமூர்த்தி உள்ளதைச் சொன்னார். உங்களை அதற்குள் இழுத்து விட்டதற்கு மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னார். வோக்கர் தன்னுடைய தாளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் கப்பலேறியதோடு பழையதெல்லாம் கரையிலேயே நின்றுவிட்டதே, உங்களுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்டாராம்.

“என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“உங்கடை ஆக்களைத் தொட்டிக்குள்ளை இறக்கினவன் உங்களோடை கப்பல் ஏறேல்லை, எங்களை இறக்கினவன் எங்களோடையே பிளேனிலை வந்திட்டான் எண்டு சொன்னன்.”

ஸ்ரீஸ்கந்தராசா சாவுத் துடக்கு கழித்து வேலைக்கு வந்ததும் வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். ஒரு மன்னிப்புக்கூட இல்லை. என் மனிதர் தனியாக ஸ்ரீட்கார் பிடித்தார். சில நாட்களில் பகிடியும் குறைந்துவிட்டது. எட்டு வருடச் சிநேகிதத்தை ஒரு படுக்கை விரிப்புக்காக விட்ட மனிதனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

வீடியோக் கொப்பி ஊரெல்லாம் சுற்றியது. ரொறன்ரோவில் ஒரு செத்தவீட்டுக்கு வெள்ளைக்காரனே வந்து கட்டினானாம் என்று கதை பரவியது. பனி கொட்டத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் அடித்தது. நிலாணி எழும்பிப் போய் எடுத்தாள். சத்தமாகக் கதைக்கிற ஆள், மேசைக்கே கேட்டது.

“ஹலோ, விநாயகமூர்த்தி அண்ணை நிக்கிறாரோ? நாங்கள் அஜக்ஸிலையிருந்து எடுக்கிறம். எங்கடை ஐயா மோசம் போட்டார். அந்த வெள்ளைக்காரரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வருவாரோ எண்டு கேக்கத்தான். அவருக்கு வசதியில்லாட்டில் பரவாயில்லை, அண்ணையே வந்து கட்டிவிட்டாலும் காணும்.”

நான் எழும்பினேன், ரெலிபோனைப் பிடுங்கி அவனை நாலு கேள்வி கேட்க. விநாயகமூர்த்தி என் கையைப் பிடித்து இருத்தினார். அவர் நிலாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவ்வளவு காலமும் பட்ட பயம், இப்போது அவருடைய கண்ணில் இருந்தது. பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்ற பயம்.

“செத்தது உங்கடை அப்பாதானே, அங்கிள்?” என்றாள் நிலாணி.

“ஓம் பிள்ளை.”

“அப்ப நீங்கள்தான் கட்டோணும். என்ரை அப்பாவின்ரை அப்பாவுக்கு ஒருத்தரும் வந்து கட்டேல்லை.”

“நீர் ஆர் பிள்ளை கதைக்கிறது?”

“நிலாணி விநாயகமூர்த்தி” என்று முழுதாகச் சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தாள்.

வந்து உட்கார்ந்து தன் தட்டை இழுத்தாள். விநாயகமூர்த்தி செருமிக்கொண்டு கேட்டார், ஒன்றும் கேட்காதவர் மாதிரி.

“ஆரம்மா அது?”

“ரோங் நம்பர், அப்பா.”

அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நான் போட்டேன்.